திண்டிவனத்துச் சாலையில் சப்பாத்திக்கள்ளி

திண்டிவனம் என்னும் பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் கூறுவர். திந்திரிணி என்ற வடசொல் புளியைக் குறிக்கும். அவ்வூரிலிருந்து விழுப்புரம் செல்லும் இரயிலில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே நகரும். சன்னலோரம் அமர்ந்திருப்போர்க்குப் பனைமரங்களும் ஏரிக்கரைகளும் செம்மண் மேடுகளும் மணிலாக் கொல்லைகளும் காட்சி தரும். அம்மேடுகளில், வேறு எச்செடியும் விரும்பாத இடத்தில், மடலின்மேல் மடலாய் அடுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு செடியையும் ஆங்காங்கே காணலாம். அதுவே சப்பாத்திக்கள்ளி. நாகதாளி என்றும் சப்பாத்துக்கள்ளி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. சப்பாத்து என்பது போர்த்துக்கீசியர் வழியாக நம் மொழிக்கு வந்து சேர்ந்த சொல், காலணியைக் குறிப்பது.

இக்கள்ளி நம் மண்ணுக்கு உரியது என்றே பலரும் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. சதுரக்கள்ளி, திருகுகள்ளி முதலிய நம் கள்ளிகளை ஒடித்தால் பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் விளையும். சப்பாத்திக்கள்ளியிலோ பால் இல்லை. இது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. மெக்சிகோ நாட்டின் கொடியிலே கழுகு ஒன்று இக்கள்ளியின்மேல் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

அந்த மெக்சிகோ நாட்டில்தான் 1531-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஏழைக் குடியானவரான யுவான் தியேகோவுக்குத் தேவ அன்னை காட்சியளித்தார். தெப்பேயாக் குன்று கல்லும் முள்ளும் கள்ளியும் மண்டிய இடம். அங்கே பருவமல்லாப் பருவத்தில் மலர்கள் பூத்தன என்பதும், அவற்றை ஏந்திச் சென்ற அவரது முரட்டு மேலாடையில் அன்னையின் திருவுருவம் பதிந்தது என்பதும் குவாதலூப்பே அன்னையின் பக்தர்கள் அறிந்த வரலாறு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-ஆம் ஆண்டு யுவான் தியேகோவைப் புனிதராக உயர்த்தினார்.

இக்கள்ளியை நம் நாட்டில் பெருக்கத் தூண்டியது பொருளாசையே. கள்ளியின் மடலில் வெண்பஞ்சு போல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று உண்டு. அதை நசுக்கினால் இரத்தம் போன்ற சிவப்புச் சாயம் கிடைக்கும். இச்சாயத்தின் வாணிபம் நெடுங்காலம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதை எப்படியேனும் தமதாக்கிக்கொள்ள விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியார், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் மருத்துவ அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவரது முயற்சியால் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தனர். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று. அதன் தாழ்ந்த இனமே. சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளியோ நிலைத்துவிட்டது.

பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. ஒடிந்து விழுந்த ஒவ்வொரு மடலும் வேர்விட்டது. வேலிக்கென்று வைத்தது வயலுக்குள் புகுந்தது. மேய்ச்சல் தரையும் பாழாயிற்று. வெட்டி எறிந்தவர்கள் வெட்டிய துண்டுகளால் அதை மேலும் பெருக்கினார்கள். இறுதியில் மனிதரால் முடியாததைப் பூச்சியே செய்து முடித்தது. பிரேசிலிலிருந்து வந்த இனம் ஒருவகைக் கள்ளியை மட்டுமே உண்டு அழித்தது; மற்றொரு வகையை அது தீண்டவில்லை. ஆகவே அதன் உறவினமான வேறொரு பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்துத் தென்னாட்டில் விட்டனர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே பெரும் பரப்பில் கள்ளிக்காடுகள் வாடி மடிந்தன. இன்று நாம் மேடுகளில் காண்பவை எஞ்சிய புதர்களே.

முள்வேலிக்கு இப்பகுதியின் வரலாற்றிலும் இடமுண்டு. புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் நகரைச் சுற்றிக் கள்ளி, கற்றாழை முதலிய முட்செடிகளாலான அகன்ற எல்லைவேலி ஒன்று இருந்தது. வில்லியனூர், அரியாங்குப்பம், வழுதாவூர்ச் சாலைகள் அதனை ஊடறுத்துச் சென்றன. 1760-ஆம் ஆண்டு ஆங்கிலப் படை அவ்வேலியைக் கைப்பற்றியது; மறு ஆண்டு சனவரியில் நகரமும் வீழ்ந்தது. பீரங்கிக் காலத்திலும் முட்புதர் ஓர் அரணாக மதிக்கப்பட்டது என்பது வியப்புக்குரியது.

இப்போது இச்செடியை வீட்டில் வளர்க்க விரும்புவோர் பலர். அவர்களுக்குச் சில சொற்கள். முற்றிய, நோயற்ற மடல் ஒன்றை இடுக்கியால் பிடித்துக் கணுவில் அறுத்தெடுக்க வேண்டும். உடனே நட்டால் வெட்டுவாய் அழுகிவிடும். நிழலில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை கிடத்தி, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியபின் நடுவதே முறை. அடியில் துளையுள்ள தொட்டியில் ஆற்றுமணல் இரு பங்கும், செம்மண் ஒரு பங்கும், மக்கிய எரு சிறிதும் கலந்து நிரப்புக. மடலின் கால்பாகம் மண்ணுக்குள் இருந்தால் போதும். முதல் வாரம் நீர் வேண்டா. வேர் பிடித்தபின் மண் முற்றிலும் உலர்ந்த பிறகே நீர் விடுக. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரையடியில் வைத்துவிடுக. வெயில் நன்றாகப் படட்டும். இச்செடி பெரும்பாலும் மடிவது நீர் போதாமையால் அன்று, நீர் மிகுதியால்தான். வெண்பஞ்சு போன்ற பூச்சி தோன்றினால் நீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைத் தெளிக்கலாம்.

பெரிய முள்ளைவிடச் சுணைக்குத்தான் அஞ்ச வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத அந்நுண்முட்கள் விரலில் ஏறினால் நாள் முழுதும் உறுத்தும். தேய்த்தால் மேலும் உள்ளே செல்லும். ஒட்டுத்தாளை ஒட்டி மெல்ல உரித்தெடுப்பதே நலம். அக்கையால் கண்ணைத் தொடக்கூடாது. ஆகவே குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தொட்டி விலகியே இருக்கட்டும்.

மஞ்சள் மலர் காயாகிக் கருஞ்சிவப்புப் பழமாகும். நம் சிற்றூர்ச் சிறுவர்கள் அதைத் தரையில் தேய்த்தோ தணலில் வாட்டியோ சுணை நீக்கி, பிளந்து, நடுவிலுள்ள முள்ளையும் எடுத்தெறிந்தபின் உண்பார்கள். நாவும் உதடும் சிவந்துபோகும், சிறுநீரும் சிவந்து காணலாம், அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் விதை மிகுதியாதலால் அளவோடு உண்பதே நன்று. அண்மைக்காலத்தில் இப்பழம் சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் போக்கும் என்று சொல்லி விலைபேசுவோர் பெருகியுள்ளனர். அதை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரைகளை நிறுத்திவிடுவது உயிருக்கே கேடாய் முடியும். பழத்தைப் பழமாக உண்போம். மருந்தை மருந்தாக உட்கொள்வோம்.

கொல்லைக்கு வேலி போட எண்ணும் சிறு விவசாயிக்கு ஒரு வேண்டுகோள். கம்பிவேலியின் விலையை நினைக்கும்போது இக்கள்ளி மலிவாகத் தோன்றும். மண்ணரிப்பைத் தடுக்கும், ஆடு மாடுகளையும் தடுக்கும், பஞ்ச காலத்தில் முள்ளைப் பொசுக்கி மாட்டுக்குப் போடுவதும் உண்டு. ஆனால் இச்செடிக்கு வரப்பு தெரியாது. நாம் நடுவது அடுத்தவர் நிலத்திலும் முளைக்கும். ஆதலின் நடுமுன் அண்டை நிலத்தாரைக் கலந்து பேசுக. நட்டபின் ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுக்குள் வைத்திருக்க ஆளும் நேரமும் உண்டா என்று எண்ணிப் பார்க்க. வெட்டிய மடல்களை ஏரிக்கரையிலோ ஓடையிலோ எறியாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில் இப்பூவுலகை நம் பொது இல்லம் என அழைத்தார். பொது இல்லத்தில் ஒருவர் ஊன்றுவது அனைவர் காலிலும் தைக்கக்கூடும். சாயத்தின் ஆதாயத்தை எண்ணியவர்கள் அதைப் பெறவில்லை. அவர்கள் பரப்பிய முள்ளையோ அச்சாயத்தைக் கண்ணாலும் காணாத நம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்தார்கள். ஆண்டவர் படைத்த செடியில் குற்றமில்லை. அது தன் இயல்பின்படி வளர்ந்தது. எதை, எங்கே, யார் பொருட்டு நடுகிறோம் என்று சிந்திக்கும் அறிவை அவர் நமக்கல்லவா தந்திருக்கிறார்!