ஓரிரு இடங்களில்

கடையநல்லூரில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பனி என்ற சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றுவது, தை மாதத்து விடியற்காலையில் வயல் வரப்பின் மேல் நடந்து போகையில் கணுக்காலை நனைக்கும் ஈரமும், துண்டைத் தலையில் முறுக்கிக் கட்டிக்கொண்டு தேநீர்க் கடைப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும்தாம். வெப்பமானி 20 டிகிரிக்கு அருகே வந்துவிட்டால், “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். மற்றவர்கள் அதைத் தரையும் மச்சும் உண்மையாகவே துளைபட்டுவிட்டாற்போன்ற பாவனையோடு ஆமோதிப்பார்கள். உண்மையில் எங்களுக்குத் தெரிந்த குளிர்ச்சி, ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வந்து முகத்தில் தூவிவிட்டுப் போகும் சாரலின் குளிர்ச்சியே தவிர வேறில்லை.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஆண்டுதோறும் மார்கழி பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை விலகியதும் வானொலிச் செய்தியின் கடைசியில் வரும் ஒரு வாக்கியத்தை நான் பல வருஷங்களாகக் கேட்டு வந்திருக்கிறேன். “நீலகிரி மாவட்டத்திலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் ஓரிரு இடங்களில் இரவு நேரத்தில் உறைபனி ஏற்பட வாய்ப்புண்டு” என்பது அந்த வாக்கியம். அது முடிந்தவுடன் விளம்பரம் வந்துவிடும். நாங்களும் சாப்பிட எழுந்துவிடுவோம். ஆனாலும், நம்முடைய தமிழ்நாட்டிலேயே, நாம் பேசுகிற பாஷையையே பேசுகிற ஜனங்களின் வாசலில், ராத்திரி வேளையில் தண்ணீர் கல்லாகிறது என்ற செய்தியை இவ்வளவு சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களே என்ற ஆச்சரியம் என்னை விட்டபாடில்லை. சென்ற தை மாதத்தில், உதகமண்டலத்தில் குடியிருக்கும் என் அத்தான், “மாப்ளே, இந்த வருஷம் வந்தாத்தான் வந்த மாதிரி, நல்லா உறையுது” என்று தொலைபேசியில் சொன்ன அன்றே புறப்படுவதென்று தீர்மானித்தேன்.

பனி என்பதை நாம் எவ்வளவு தாராளமாக வழங்குகிறோம் என்பது, அதைத் தேடிப் புறப்பட்ட பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. புல்லின் மேல் நிற்கும் துளியும் பனி. மூட்டமாக வந்து சாலையை மறைப்பதும் பனி. இமயத்தின் சிகரத்தில் இருப்பதும் பனி. குளிர்பானத்தில் மிதப்பதும் பனிக்கட்டி. ஆறு பருவங்களில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்ட நம் முன்னோர், மயிலுக்குக் குளிருமென்று தன் போர்வையைக் கொடுத்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகவும் வைத்தார்கள். அவன் பழனி மலையைச் சேர்ந்தவன். கொடைக்கானலும் அந்த மலைத்தொடரிலேயே இருக்கிறது. ஆகவே அவனுடைய செய்கையை வெறும் மடமை என்று சொல்பவர்கள் ஒரு மார்கழி இரவை அங்கே கழித்துவிட்டு வந்து பேசுவது நலம். சமவெளியில் இருந்த நம்மவர்களோ, பனிக்கட்டியைக் கப்பலில் வந்த சரக்காகத்தான் முதலில் கண்டார்கள். அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டி எடுத்த கட்டிகளைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான், 1897-இல் விவேகானந்தர் தங்கிய பிறகு, அவர் பெயரைத் தாங்கி இன்று நிற்கிறது.

மதுரையையும் திண்டுக்கல்லையும் தூக்கத்திலேயே கடந்து, கோயம்புத்தூரில் பேருந்து மாறி, மறுநாள் காலையில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலைப் பிடித்தேன். 46 கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அந்த வண்டியைப் பற்றி எழுதாதவர்களே இல்லையாதலால் நானும் எழுதப் போவதில்லை. கல்லாறு தாண்டியதும் பற்சக்கரம் தண்டவாளத்துப் பல்லைக் கவ்வும்போது காலடியில் உண்டாகும் ஒரு நடுக்கத்தை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். குன்னூருக்கு அடுத்த வெல்லிங்டன் நிலையத்தில் வண்டி நின்றபோது, எதிர் ஆசனத்தில் இருந்த, படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “நாங்க எல்லாரும் இங்கதான் சார் பயிற்சி எடுத்தோம்” என்றார். மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் முகாமின் மீது பனிச்சரிவு விழுந்து மறைந்த பத்து வீரர்களில் பெரும்பாலோர் அந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. “நாம பாக்கறது பனி இல்லை சார், அங்க இருக்கறதுதான் பனி” என்று சொல்லிவிட்டு அவர் மௌனமாகிவிட்டார். லவ்டேல் வரும் வரையில் எனக்கும் பேசுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

அத்தான் வீடு ஊரை ஒட்டிய ஒரு சரிவின் மேல்பகுதியில் இருக்கிறது. அன்றிரவு அக்கா கொடுத்த இரண்டு கம்பளிகளுக்கும் என்னுடைய பருத்திப் போர்வைக்கும் அடியில் கிடந்து, ஐந்து மணிக்கே எழுந்து, பெருத்த எதிர்பார்ப்போடு வாசலைத் திறந்து பார்த்தால், புல்லின் மேல் இருந்தது எங்கள் ஊரில் இருக்கும் அதே ஈரம். விரலால் தொட்டேன்; நனைந்தது, அவ்வளவுதான். வெப்பமானி 6 டிகிரி காட்டியது. குளிர் இருந்ததென்பதில் சந்தேகமில்லை; காதின் நுனிகள் என்னுடையவையல்ல என்று தோன்றும் அளவுக்கு இருந்தது. ஆனால் வானொலி சொன்ன பனி எங்கே? இரவு முழுவதும் குளிரில் நடுங்கியவனுக்கு வரக்கூடிய நியாயமான கோபத்தோடு, வானிலை ஆய்வாளர்களைப் பற்றி நாம் அனைவரும் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன். அத்தான் சிரித்துக்கொண்டே, “இது நீர்ப்பனி. உறைபனி பாக்கணும்னா கீழ போகணும் மாப்ளே” என்றார்.

கீழே போவதா? மேலே போகப் போகக் குளிர் கூடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடமாயிற்றே. 8,652 அடி உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு அல்லவா என்னை அழைத்துப் போகப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று பகலில் 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்தோம். மலர்ப் பாத்திகளின் மேல், பிரசவித்த வீட்டில் குழந்தைக்குத் துணி சுற்றுவது போன்ற பரிவோடு, கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கொம்புகளை வளைத்துப் பரப்பி மூடியிருந்தார்கள். விடிவதற்குள் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துவிடுவதும் உண்டாம். உறைந்த இலையைக் கொல்வது குளிர் மாத்திரமன்று, அதன் மேல் திடீரென்று விழும் வெயிலும்தான் என்பதை ஒரு தோட்டக்காரர் எனக்கு விளக்கினார்.

மறுநாள் நான்கரை மணிக்கு அத்தானின் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, கூடலூர்ச் சாலையில் தலைகுந்தாவை நோக்கி இறங்கினேன். இறங்க இறங்க, ஒவ்வொரு திருப்பத்திலும், படித்துறையில் இறங்குகிறவன் முழங்காலளவு, இடுப்பளவு, மார்பளவு என்று தண்ணீரை உணர்வதுபோலக் குளிரை உணர்ந்தேன். ஒரு பள்ளத்துக்குள் நுழையும்போது அது தலைக்கு மேல் போய்விட்டது. சாலையோரத்துப் புல்வெளி முழுவதும் யாரோ மாக்கோலம் போட முயன்று பாதியில் கொட்டிவிட்டுப் போனாற்போல் வெளுத்திருந்தது. அதற்குள்ளாகவே இருபது முப்பது பேர் கைபேசியை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் நாளிதழில் “மினி காஷ்மீர்” என்ற தலைப்போடு வரப்போவது இதுதான். காஷ்மீரத்தில் வானத்திலிருந்து விழுவதை இங்கே பூமி தானே உண்டாக்கிக்கொள்கிறது. இரண்டையும் ஒன்றென்பது இருவருக்குமே மரியாதையன்று.

கூட்டத்தை விட்டு விலகி, அத்தானுக்குப் பழக்கமான ஒரு படுகப் பெரியவரின் கேரட் தோட்டத்துக்குப் போனோம். அங்கே தரையில் குந்தி உட்கார்ந்து, கைவிளக்கின் வெளிச்சத்தில் ஒரே ஓர் இலையைப் பார்த்தேன். கொத்தமல்லியை ஒத்த அந்த இலையின் ஒவ்வொரு பிளவின் விளிம்பிலும், ஊசிமுனையிலும் மெல்லிய படிகங்கள் வரிசையாக எழும்பி நின்றன. விரலால் வளைத்தபோது கண்ணாடி வளையல் உடைவதுபோன்ற ஒரு சிறு சத்தத்தோடு முறிந்தது. பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளியின் தண்ணீர் மேல் பாலாடை போல ஓர் ஏடு படிந்திருந்தது; அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், என் கைரேகை அதற்குள் தெரிந்தது.

“இங்க எத்தனை டிகிரி இருக்கும், பெரியவரே?” என்றேன்.

“பெட்டியில பார்த்தா ரெண்டு மூணு இருக்கும் ஐயா. கேரட் பெட்டியிலயா இருக்குது?” என்றார் அவர்.

வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரைக்கு நான்கடி உயரத்தில், காற்றுப் புகும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வைத்திருப்பார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் தரை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வறிதாகக் கிடக்கும்போது, பெட்டிக்குள் 3 டிகிரி இருக்கையிலேயே புல்லின் நுனி பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. தரையைத் தொட்டுக் குளிர்ந்த காற்றோ கனத்துப்போய், சரிவுகளில் வழிந்து, பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இருந்த அத்தான் வீட்டில் ஈரமும், பள்ளத்தில் இருந்த இந்தத் தோட்டத்தில் கண்ணாடியும். மழை அறிவிப்பிலே ஓரிரு இடங்களில் என்றால் ஒரு பகுதியின் அளவு நிலையங்களில் கால்பங்குக்கு மேற்படாதவை என்றும், அதற்கு மேலே ஒருசில, பல, பெரும்பாலான என்று படிகள் இருக்கின்றன என்றும் அறிவேன். உறைபனிக்கு அந்த முதற்படியைத் தாண்டி அவர்கள் போகாததை ஏதோ பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாக எண்ணியிருந்தேன். ஒரே சாலையில் இரண்டு மைல் இடைவெளியில் ஒன்று இருந்து மற்றது இல்லாதபோது, சென்னையில் உட்கார்ந்திருப்பவர் வேறு எப்படித்தான் சொல்வார்?

பெரியவர் எங்களைத் தோட்டத்தின் கீழ்க்கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே வேலிச் செடிகள் அடர்த்தியாக வளர்ந்து, சரிவுக்குக் குறுக்கே ஒரு கரைபோல் நின்றன. அந்தக் கரையில் இரண்டு முழ அகலத்துக்குச் செடிகளை அடியோடு வெட்டி ஒரு வழி விட்டிருந்தார். மாடு புகுந்து மேய்ந்துவிடாதா என்று கேட்டேன். மாட்டைக் கட்டிப்போட்டுக்கொள்ளலாம், குளிரைக் கட்டிப்போட முடியாது என்று சிரித்தார். வேலி முழுதாக இருந்த வருஷம் கீழ்ப்பாத்தி நான்கும் கருகிப்போயிற்றென்றும், வழி வெட்டிய பிறகு ஒரு பாத்தியோடு நிற்கிறதென்றும் சொன்னார். அந்த இடைவெளியில் முழங்காலுக்குக் கீழே கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, மெதுவாக, விரல்களுக்கு இடையே நழுவி, அப்பால் இருந்த ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கருப்பாநதித் தண்ணீருக்கு மடை திறந்துவிட்டே பழக்கப்பட்டவன் நான். குளிருக்கு மடை திறந்துவிட்ட ஒரு மனிதரை முதன்முதலாகப் பார்த்தேன்.

வெயில் வந்தது. எதிர்ச்சரிவில் ஒரு தோதவப் பெண்மணி, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு எருமைகளை ஓட்டிச் சென்றார். சற்று நேரத்தில் வெண்மையெல்லாம் நீராயிற்று. அதற்கு முன்பே பெரியவரின் மகன் மோட்டாரை ஓட்டித் தூவல் குழாய்களைத் திறந்துவிட்டான். ஆயினும் தண்ணீர் எட்டாத அந்தக் கடைசிப் பாத்தியில் இலைகள், சுடுநீரில் போட்ட கீரைபோலத் துவண்டு கறுத்தன. படமெடுத்தவர்கள் அதற்குள் காலைச் சிற்றுண்டிக்குப் போய்விட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள் இரவு வானொலியில் மறுபடியும் அந்த வாக்கியம் வந்தது. “ஐஸ் மழையா பெஞ்சுது?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்திருந்த நான் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கள் வயலில் மேட்டுப் பாத்தியிலிருந்து ஆரம்பித்து, வரப்பு வரப்பாக இறங்கி, குளத்தை ஒட்டிய தாழ்ந்த மூலை வரையில் நடந்து போனேன். கடைசி வரப்பில் கால் வைத்தபோது ஈரம் சற்றுக் கூடுதலாகவே சில்லென்றது. குனிந்து கையையும் வைத்துப் பார்த்தேன்.

மேலே பாதையில் பால் பாத்திரத்தோடு போன பக்கத்து வயல்காரர் நின்று பார்த்தார். “அண்ணாச்சி, விடியுமுன்ன அங்கன என்னத்தத் தேடுதிய?”