'ங்க' போட்டுக் கேளுங்க!

சித்தப்பா மகனுக்கு நாற்பதாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்து ஒன்றரை வருஷம். போனில் இரண்டு தடவை கத்தினேன். மூன்றாவது தடவை அவன் போனையே எடுக்கவில்லை. எனக்கோ மகளின் ஸ்கூல் ஃபீஸ் கழுத்தை நெரிக்கிறது. 'நேர்ல போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க' என்று வீட்டம்மா உத்தரவு போட, சென்னையிலிருந்து கோவை வந்து, உக்கடத்தில் பொள்ளாச்சி போகும் தனியார் பஸ்ஸில் ஏறினேன்.

நான் பி.காம். 'பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை' என்று படித்தவன். தந்தவனுக்கு வரவே இல்லையென்றால் என்ன செய்வது என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை!

ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். 'சில்லறை இல்லீங்க, எறங்கறப்ப வாங்கிக்குங்க' என்று டிக்கெட்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்தார் கண்டக்டர். ஈச்சனாரி தாண்டியதும் கேட்டேன். 'இருங்க' என்றார். 'என்னய்யா, ஏமாத்தப் பாக்கறியா?' என்று எகிறிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. 'மரியாதையாப் பேசுங்க' என்று அவர் முறைக்க, என் பாக்கி போய், என் மரியாதை பற்றிய விசாரணை ஆரம்பமாகிவிட்டது.

கிணத்துக்கடவில் ஒரு பாட்டி எழுந்தார். அவருக்கும் பாக்கி. படியருகே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, 'ஏனுங்க தம்பி, எனக்கு எழுவது ரூவா வரோணுமுங்க. வாங்கிப்போட்டுத்தானுங்க எறங்குவேன்' என்றார். குரல் உயரவில்லை, கால் நகரவில்லை. விசில் கொடுக்க முடியாத கண்டக்டர், பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார்.

பொள்ளாச்சியில் நானும் அதே கம்பியைப் பிடித்தேன். 'கோவத்துல பேசிட்டேங்க. என் பாக்கி வரணுங்க, வாங்கிட்டு எறங்கறேன்.' எண்ணி வைத்தார்!

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வியாழனும் இங்கே மாட்டுச் சந்தை. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. படியாவிட்டால் கையை உருவிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போகிறார்கள். விட்டுக்கொடுக்கவும் இல்லை, சண்டையும் இல்லை. பேச்சு மாட்டின் விலையைப் பற்றி. மனுஷனின் விலையைப் பற்றி அல்ல!

தம்பி வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தான். தயாராக வைத்திருந்த நாலு கேள்வியையும் விழுங்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

'தம்பி, நாப்பதாயிரம் வரணும். பதினைஞ்சாம் தேதி பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணும். எப்ப, எவ்வளவு தருவேன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவேன்.'

அவன் தரையைப் பார்த்தான். 'தென்னைக்கு வாடல் நோய் வந்து காய்ப்பே போச்சுங்ணா. போன்ல நீங்க கத்துனப்ப அதச் சொல்ல வாய் வர்லீங்க...'

ஒன்றரை வருஷமாக நான் கேட்ட லட்சணம் அப்போதுதான் புரிந்தது. திட்டினேனே தவிர, கேட்கவே இல்லை! பத்தாயிரம் கையில் கொடுத்தான். மீதிக்கு மாசம் ஐயாயிரம் என்று அவனே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மணி கேட்டாள்: 'நறுக்குன்னு கேட்டீங்களா?'

'கேட்டேனுங்க!' என்றேன்.