மெல்லிய தகட்டின் காவல்

வெப்பத்தை நன்கு கடத்தும் பொருள்களுள் பெரும்பாலானவை மின்சாரத்தையும் நன்கு கடத்துகின்றன. உலோகங்களில் இவ்விரு பணிகளையும் செய்வன கட்டற்ற எலக்ட்ரான்களே. இவ்வுறவை 1853ஆம் ஆண்டில் வீடெமான், ஃபிரான்ஸ் என்னும் செருமானிய அறிஞர் இருவர் ஆராய்ந்து உரைத்தனர். ஆயின், வெப்பம் மட்டும் கடந்து செல்லவேண்டும். மின்சாரம் ஒரு துளியும் செல்லக்கூடாது என்னும் தேவை எழுந்தால் என் செய்வது? தமிழாசிரியராகிய என்னை அமெச்சூர் வானொலிக் கருவிகளின்பால் ஈர்த்தது இந்த வினாவே ஆகும்.

அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றோர், வணிக நோக்கமின்றித் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதே அமெச்சூர் வானொலி. இவர்களுள் பலர் தம் கருவியைத் தாமே கட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்னும் கருவி, எளிதில் கிடைக்கும் உறுப்புகளால் ஆனது. பல நாட்டினரும் விரும்பிக் கட்டுவது. அதன் இறுதிப் பெருக்கியில் ஐஆர்எஃப் 510 என்னும் ஆற்றல் டிரான்சிஸ்டர் பணிபுரிகிறது.

கருவி ஒலிபரப்பும்போது இந்த டிரான்சிஸ்டர் சுடுகிறது. அதன் உள்ளிருக்கும் சிலிக்கன் 175 டிகிரி செல்சியசைத் தாண்டலாகாது. ஆகவே, அதன் முதுகிலுள்ள உலோக நாக்கை, ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் துண்டோடு திருகி வெப்பத்தை வெளியேற்றுகிறோம். இங்கேதான் இடர் ஒளிந்திருக்கிறது. அந்த நாக்கு வெறும் உலோகமன்று. டிரான்சிஸ்டரின் 'டிரெயின்' முனையோடு இணைந்து 12 வோல்ட் மின்னழுத்தத்தில் நிற்பது. அலுமினியமோ கருவியின் உடலோடு சேர்ந்து தரையிணைப்பில் இருப்பது. இரண்டும் தொட்டால் குறுக்குச்சுற்று உண்டாகும்.

இவ்விரண்டிற்கும் இடையே காவலாக வைக்கப்படுவதே மைக்காத் தகடு. நம் முன்னோர் அப்பிரகம் என்றும் காக்கைப்பொன் என்றும் அழைத்த கனிமம் இது. ஏடு ஏடாகப் பிரியும் இயல்புடையது. மின்சாரத்தைத் தடுப்பதில் வல்லது. வெப்பக் கடத்துதிறனில் அலுமினியத்திற்குப் பன்மடங்கு பின்தங்கியதே எனினும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக மெலிந்து நிற்பதால் வெப்பத்திற்கு வழிவிடுகிறது. இன்னும் மெலிதாக்கலாமே என்றால், அங்கும் ஓர் எல்லை உண்டு. இரு உலோகங்களுக்கு இடையே ஒரு காப்புப் பொருள் என்பது மின்தேக்கியின் அமைப்பன்றோ? தகடு மெலிய மெலிய, வானொலி அதிர்வெண் மின்னோட்டம் கசியும் வழியும் பெருகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். டிரான்சிஸ்டர் 8 வாட் வெப்பத்தை உமிழ்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு வாட்டிற்கும் டிரான்சிஸ்டரின் உட்பகுதியில் 3.5 டிகிரியும், பசை தடவிய மைக்காவில் 1 டிகிரியும், ஹீட் சிங்க்கில் 5 டிகிரியும் வெப்பநிலை ஏறுமெனில், மொத்த ஏற்றம் 76 டிகிரி. அறையின் வெப்பநிலை 35 டிகிரி என்றால் சிலிக்கனின் வெப்பநிலை 111 டிகிரி. பசை தடவாமல் விட்டு மைக்காவின் பங்கு இரு மடங்கானால் இன்னும் 8 டிகிரி கூடும். பசையின் வேலை, பரப்புகளின் நுண்பள்ளங்களில் தங்கும் காற்றை வெளியேற்றுவதே. காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். எனவே பசை மெல்லிய பூச்சாக இருத்தல் போதும். அள்ளி அப்புவதால் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், எம் பள்ளி மாணவர்கள் தம் சேமிப்பைத் திரட்டி இத்தகைய கருவித் தொகுப்பு ஒன்றை வாங்கினர். பல மாலைகள் அமர்ந்து கட்டி முடித்து மின்னிணைப்புத் தந்தவுடன் ஃபியூஸ் எரிந்தது. "மைக்கா வைத்தோமே, ஐயா!" என்று கலங்கினாள் ஒரு மாணவி. உலோக நாக்கிற்கும் அலுமினியத்திற்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தோம், அது ஒலித்தது. திருகைச் சுற்றியிருந்த நைலான் புஷ் பழுதின்றி இருந்தது. தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரிந்தது. அலுமினியத்தில் துளையிட்டபோது விளிம்பில் எழுந்த பிசிறு தகட்டைக் குத்தியிருந்தது.

அகன்ற துளையிடும் அலகைக் கையால் சுழற்றிப் பிசிறை நீக்கினோம். கடைத்தெருவில் வானொலி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர், பழைய தகரப் பெட்டியிலிருந்து மைக்காத் தகடு ஒன்றை எடுத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "கரண்டு குடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாருங்க, தம்பி" என்பது மட்டுமே அவர் கேட்டுக்கொண்டது. ஃபியூஸ் தன்னை எரித்துக்கொண்டமையால் மற்ற உறுப்புகள் பிழைத்தன. அன்று மாலையே கருவி உயிர்பெற்றது.

இத்துணைக் கவனம் ஒரு பொழுதுபோக்கிற்குத் தேவையா என்று சிலர் வினவுவர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர், துண்டுபட்ட தீவுகளின் செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பினர். உறவினரின் நலமறியத் துடித்தோர்க்கு அக்குரல்களே ஆறுதலாயின. அத்தகைய வேளையில் ஒரு கருவி ஊமையாகிவிடக் கூடாது. எந்த நாளில் அது தேவைப்படும் என்பது கட்டும் நாளில் நமக்குத் தெரியாது. ஆதலால் பிசிறை நீக்குவதும், பசையை அளவோடு தடவுவதும், மின்னிணைப்புக்கு முன் மீட்டரை வைத்துப் பார்ப்பதும், நாம் அறியாத ஒருவருக்கு முன்கூட்டியே செய்து வைக்கும் உதவியாகும்.