எலியும் ஓர் ஆசான்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள் நம் பெரியோர். "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?" என்றும் கேட்பார்கள். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையோ, மலைக்கோட்டையின் நிழலில் வாழும் திண்டுக்கல்காரர்களாகிய நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படிப் பழமொழிகளில் எலிக்குக் கிடைத்ததெல்லாம் ஏளனந்தான். ஆனால் அன்புத் தோழியரே, அந்தச் சிற்றுயிரின் மூளையின் எடை ஏறத்தாழ 2 கிராம். அதற்குள் சுமார் 20 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. அவை என்ன செய்கின்றன என்று படிக்கப் படிக்க, எலியைக் கண்டால் முகம் சுளிக்கும் பழக்கம் என்னை விட்டுப் போய்விட்டது. அங்கே நான் கண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எலி கற்கும் பிராணி என்பது நம் உழவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆத்தூர்ப் பக்கம் எங்கள் அப்பத்தாவின் ஊரில், பொறி வைக்கப் போகும் செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "சத்தம் போட்டுச் சொல்லாத தாயி, எலி கேட்டுக்கிரும்" என்பார் அப்பத்தா. எலிக்கு நம் பேச்சு புரியாதுதான். ஆயினும் அந்த நம்பிக்கைக்குப் பின்னே உண்மையான அனுபவம் ஒன்று உண்டு. புதிய தின்பண்டம் எதைக் கண்டாலும் எலி முதலில் ஐயுறும். கொஞ்சமே கடித்துப் பார்க்கும். அதனால் உடம்புக்கு ஆகவில்லையென்றால், பிழைத்த எலி அந்தச் சுவையை மறுபடி தொடாது. ஆகவேதான் நஞ்சு வைக்குமுன் இரண்டு நாட்கள் நஞ்சு கலவாத வெறுந் தீனியை வைத்துப் பழக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறையினர் கூறுகிறார்கள். எலியை வெல்ல, அது எப்படிக் கற்கிறது என்பதை மனிதன் முதலில் கற்க வேண்டியிருக்கிறது!

1948-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்டு டோல்மன், சிக்கலான பாதைகளில் ஓடும் எலிகள் வலம் இடம் என்று திரும்புவதை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை, இடத்தைப் பற்றிய வரைபடம் ஒன்றையே மனத்தில் வைத்திருக்கின்றன என்று எழுதினார். 1971-இல் லண்டனில் ஜான் ஓகீஃப், எலி குறிப்பிட்ட ஓர் இடத்திற்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்களை மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கண்டார். 2005-இல் நார்வே நாட்டின் மோசர் தம்பதியர், இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் வேறு செல்களைக் கண்டறிந்தார்கள். இம்மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வரைபடம் இருந்தால் மட்டும் போதுமா? நேற்றுத் திறந்திருந்த பாதை இன்று அடைபட்டால் என்ன செய்வது? இங்கேதான் என் உள்ளத்தைத் தொட்ட சோதனை வருகிறது. எலிக்கு இரண்டு மணங்களைக் காட்டுவார்கள். ஒரு மணத்தைத் தேர்ந்தால் இனிப்பு நீர். மற்றதைத் தேர்ந்தால் கசப்பு நீர். எலி விரைவில் கற்றுக்கொள்ளும். பிறகு முன்னறிவிப்பின்றி விதியைத் தலைகீழாக மாற்றிவிடுவார்கள். நலமுள்ள எலி சில முறை ஏமாறும். பின்பு புதிய விதிக்கு மாறிக்கொள்ளும். கண்குழிக்கு மேலேயுள்ள முன்மூளைப் பகுதி பழுதுபட்ட எலியோ, முதல் விதியை மற்றவற்றைப் போலவே கற்கிறது. விதி மாறிய பின் பழையதையே நெடுநேரம் பற்றிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கற்பது ஒரு திறமை, கற்றதை விட்டு மாறுவது வேறொரு திறமை அல்லவா?

டோபமைன் என்ற பொருளைச் சுரக்கும் செல்களும் இதில் பங்கு கொள்கின்றன. எதிர்பாராமல் இனிப்பு கிடைத்தால் அவை படபடவென்று துடிக்கும். எதிர்பார்த்தபடியே கிடைத்தால் பரபரப்பின்றி இருக்கும். எதிர்பார்த்தது வராமற்போனால் ஒரு கணம் அடங்கிவிடும். அந்த மௌனந்தான் "உன் கணக்கு தவறிவிட்டது, திருத்திக்கொள்" என்று மூளையின் பிற பகுதிகளுக்குச் செல்லும் செய்தி. ஏமாற்றம் என்று நாம் அழுகின்ற ஒன்றை, மூளை பாடமாக ஏற்றுக்கொள்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று நம் ஊரைச் சுற்றிக் கையால் பூட்டுச் செய்யும் பட்டறைகள் உண்டு. அப்படியொரு பட்டறையில் பதினான்கு வயதில் அரம் பிடித்தவர் என் அப்பா. அவர் கை லீவரைத் தொட்டே அளவு சொல்லும். ஆனால் இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகள் கடைகளில் நிறைந்தன. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆயினும் அப்பாவின் பட்டறைக்கு வந்த வேலை கூடவில்லை. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. நான் மேல்நிலை வகுப்பில் சேர்வேனா, மில் வேலைக்குப் போவேனா என்பதே வீட்டில் பேச்சாயிற்று.

அப்பா தம் நாற்பத்து நான்காம் வயதில், தம்மைவிட இருபது வயது இளைய ஒருவரிடம் கிரில் வெல்டிங்கும் ஷட்டர் பழுது பார்ப்பதும் கற்கச் சென்றார். "தெரிஞ்ச தொழில விட்டுட்டு இந்த வயசுல எதுக்கு?" என்று பெரியப்பா கேட்டார். "சாவி திரும்பலேன்னா முறுக்கக் கூடாதுண்ணே. வெளிய எடுத்துப் பார்க்கணும்" என்றார் அப்பா. முதல் சில மாதங்கள் கையில் தீக்காயமும், கூலியில் பாதியுமாகக் கழிந்தன. இன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது; நானும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறேன். ஓய்வு நாட்களில் அப்பா இன்னும் பூட்டுச் செய்கிறார். கற்ற பழையதை அவர் அழிக்கவில்லை. எப்போது எதை எடுக்க வேண்டும் என்று அறிந்துகொண்டார்.

எல்லோராலும் ஏன் இப்படி மாற முடிவதில்லை? அதற்கும் எலிகளே விடை தருகின்றன. 2002-இல் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஷோனா சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளை நாளொன்றுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசைய விடாமல் வைத்தபோது, இடத்தையும் நினைவையும் காக்கும் ஹிப்போகாம்பஸ் செல்களின் கிளைகள் சுருங்கின. அச்சத்தை ஆளும் அமிக்டாலா செல்களின் கிளைகளோ வளர்ந்தன. 21 நாட்கள் ஓய்வு கொடுத்த பின் சுருங்கியவை மீண்டன. அச்சத்தால் வளர்ந்தவை மட்டும் அப்படியே நின்றன என்று அதே மையத்தினர் 2004-இல் தெரிவித்தார்கள். நீடித்த மன அழுத்தத்திற்கு உள்ளான எலி, வயிறு நிறைந்த பிறகும் தீனிக்கான கட்டையைப் பழக்கத்தால் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று 2009-இல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அச்சம் மிகுந்த மூளை யோசித்து மாறுவதை விட்டு, பழகிய தடத்திலேயே ஓடுகிறது. அந்த எலிகள் பட்ட துன்பத்தை எண்ணும்போது, அவை தந்த பாடத்தை வீணாக்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனிதனும் எலியும் ஒன்றல்லதான். எனினும் நான் மேலே சொன்ன மூளைப் பகுதிகள் நமக்கும் உண்டு. தேர்வுக்காலம் வந்தால் நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். "மதிப்பெண் குறைந்தால் வீட்டுக்கு வராதே" என்ற மிரட்டலைக் கேட்டபடி படிக்கும் பிள்ளை, கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் திகைத்துப் போகிறாள். அவள் படிக்கவில்லை என்பதல்ல. திரும்பி வேறு வழி பார்க்கும் தெம்பை அச்சம் பறித்துவிடுகிறது.

ஆகவே, அன்புப் பெற்றோரே, அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே, தவறிய விடையைக் கண்டு எங்களைக் கடிந்துகொள்ளுமுன், "எங்கே வழி மாறியது, பார்ப்போம்" என்று ஒரு முறை எங்களோடு அமர்ந்து கேளுங்கள். தோழியரே, விரும்பிய பாடப்பிரிவோ விரும்பிய கல்லூரியோ கிடைக்காத நாள் நம்மில் பலருக்கு வரும். அன்று கொஞ்சம் அழுவோம், தவறில்லை. பின்பு முகம் கழுவிக்கொண்டு, அடுத்த வழி எது என்று தேடத் தொடங்குவோம். அதற்கு வேண்டிய செல்கள் நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கின்றன.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு