வண்டி அக்கரையில் நிற்கட்டும்

கோடை விடுமுறையும் மார்கழி விடுமுறையும் வந்துவிட்டால், கொச்சியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விருந்தினர் வரவு தொடங்கிவிடும். முன்னெல்லாம் அவர்கள் ரயிலில் வருவார்கள். நான் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். ஆதலால் எந்த வண்டி, எந்தப் பிளாட்பாரம் என்று சொல்லிவிட்டால் என் கடமை முடிந்துவிடும். இப்பொழுது அநேகர் ஊரில் வாடகைக்குக் கார் எடுத்து, தாமே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "காரை எங்கே விடுவது?" என்பதுதான். இக்கேள்விக்கு ஒரு முறை தவறான விடை சொல்லி, அதனால் தலைகுனிந்தவன் நான். அந்த அனுபவத்தை அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மட்டாஞ்சேரி மோட்டாருக்காக அமைந்த ஊர் அன்று. அது படகுக்காகவும் தலைச்சுமைக்காகவும் கைவண்டிக்காகவும் அமைந்த ஊர். பஜார் ரோடு வழியே நடந்து பாருங்கள். ஒரு பக்கம் கிட்டங்கிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் முன்வாசல் தெருவைப் பார்க்கும். பின்வாசல் காயலைப் பார்க்கும். மிளகும் சுக்கும் அரிசியும் வள்ளங்களில் வந்து பின்வாசலில் இறங்கின. தெருவுக்கு வேண்டியிருந்த அகலம் ஒரு கைவண்டி போகவும் ஒன்று வரவும் போதுமான அகலமே. மிளகு வியாபாரிகளின் சங்கம் 1957-ஆம் ஆண்டு தொடங்கியது இந்த யூதர் தெருவில்தான். அத்தகைய பெருவாணிபம் நடந்த தெருவில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டியிருக்கிறது.

ரயிலுங்கூட இவ்வூரை மதித்து அக்கரையிலேயே நின்றது. 1902-ஆம் ஆண்டு ஷொரணூரிலிருந்து எர்ணாகுளம் வரை இருப்புப்பாதை வந்தது. அக்காலத்தில் மட்டாஞ்சேரிக்கு வருபவர் எவராயினும் எர்ணாகுளத்தில் இறங்கி, படகு ஏறித்தான் வந்தனர். பின்னர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை உருவாக்கினார். பாலங்கள் வந்தன. ரயிலும் அத்தீவு வரை சென்றது. ஆயினும் மட்டாஞ்சேரித் தெருக்களுக்குள் ரயில் ஒருநாளும் நுழைந்ததில்லை. நுழைந்தவை மோட்டார் வண்டிகள்தாம்.

இனி என் தவற்றைச் சொல்கிறேன்.

2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் என் அக்காளும் அத்தானும் குழந்தைகளோடு மதுரையிலிருந்து வந்தார்கள். எழுவர் அமரும் பெரிய காரை வாடகைக்கு எடுத்து, போடி, மூணாறு வழியாக அத்தானே ஓட்டி வந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் நிறுத்தத்தான் இடம் உண்டு. சிறிது தூரம் சுற்றியபின், அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் பழைய நீலக் கதவு ஒன்று சாத்தியிருக்கக் கண்டோம்.

"மாப்பிள்ளை, இங்கே விடலாமா?" என்று அத்தான் கேட்டார்.

"விடுங்கள் அத்தான். இது கிட்டங்கி. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் திறக்க மாட்டார்கள்" என்றேன். ஊரறிந்தவன் என்ற பெருமை என் குரலில் இருந்தது.

அரண்மனையைக் கண்டோம்; யூதர் கோயிலைக் கண்டோம்; பிரியாணி உண்டோம். மூன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினோம். காரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தனர். அந்த நீலக் கதவு கிட்டங்கிக் கதவு அன்று. ஒரு வீட்டின் கதவு. அவ்வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். வாரத்தில் மூன்று நாட்கள் அவருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டும். அன்று அவருடைய முறை. எங்கள் கார் கதவை ஒட்டி நின்றதால் ஆட்டோ சந்துக்குள் வர முடியவில்லை. காரில் எங்கள் தொலைபேசி எண்ணும் இல்லை. மூன்று கடைகளில் விசாரித்திருக்கிறார்கள். பின்பு அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி, நான்கு இளைஞர்கள் காருக்கும் சுவருக்கும் இடையே பக்கவாட்டில் நடந்து, தெருமுனை வரை தூக்கிச் சென்றிருக்கிறார்கள்.

ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதேனும் பதில் சொல்லித் தப்பியிருப்பேன். ஓர் இளைஞன் மட்டும், "சேட்டா, அடுத்த முறை ஒரு நம்பராவது எழுதி வைத்துவிட்டுப் போங்கள்" என்று மலையாளத்தில் சொன்னான். அக்காள் அந்த வீட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மொழி தெரியாவிட்டாலும் அந்த அம்மாளுக்கு விளங்கியது.

அத்தான் மறுநாள் மதுரைக்குப் புறப்பட்டுவிட்டார். நான் இங்கேயே இருக்கிறேன். அச்சந்து என் வீட்டிலிருந்து நான்கு தெருக்கள் தள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டு எண் பொறித்த வண்டி என்பதை எல்லோரும் பார்த்தார்கள். விருந்தினர் செய்த பிழை அவர்களோடு போய்விடுவதில்லை. குடியிருக்கும் நம் பெயரில் அது நின்றுவிடுகிறது. மறுவாரம் நான் மட்டும் அவ்வீட்டுக்குச் சென்றேன். பெரியவர் திண்ணையில் இருந்தார். அன்று மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லி, என்னை உட்கார வைத்துச் சாயா கொடுத்தார்கள். அந்தச் சாயாவைக் குடிப்பது எளிதாக இருக்கவில்லை.

அதன் பிறகு இதைப்பற்றிச் சற்று யோசித்தேன். ரயில் நிலையத்தில் சாமான் அறை உண்டு. பெட்டியைப் பூட்டி ஒப்படைக்க வேண்டும். கட்டணம் கட்டி ரசீது பெற வேண்டும். ரசீது இல்லாத பெட்டியை நாங்கள் பொறுப்பேற்பதில்லை. காருக்கும் அதே விதியை நான் வைத்துக்கொண்டேன். ரசீது கொடுப்பார் இல்லாத இடம் நமக்கு உரிய இடம் அன்று. அது யாரோ ஒருவருடைய வாசல்.

சட்டமும் இதையே கூறுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவின்படி, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரம் கவனிப்பாரின்றி விட்ட வண்டியையும் காவல் துறையினர் இழுத்துச் செல்லலாம், சக்கரத்தைப் பூட்டலாம். அச்செலவும் நம்மைச் சேர்ந்தது. வாடகைக் காராயின் அபராதச் சீட்டு முதலில் வண்டியின் உடைமையாளருக்குப் போகும். அவர் அதை நம்மிடம் வசூலிப்பார். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்தக் கார் அன்று என்பது தூரத்திலேயே தெரியும். வேறு மாநிலத்து வாடகைக் கார் கேரளத்துக்குள் வருவதற்கு வேண்டிய அனுமதியும் வரியும் கட்டப்பட்டுள்ளனவா என்பதை ஊரிலேயே உடைமையாளரிடம் கேட்டுக்கொள்ளும்படி உறவினருக்கு நாம் எழுத வேண்டும்.

அப்படியானால் காரை எங்கே விடுவது?

கோயமுத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக வருபவர்களுக்கு ஆலுவா ஏற்றது. அங்கே மெட்ரோ ரயில் நிலையத்தில் கட்டண நிறுத்துமிடம் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொச்சி மெட்ரோ தொடங்கியது இந்த ஆலுவாவிலிருந்துதான். நெடும்பாசேரி விமான நிலையத்தில் கார் எடுப்பவர்களுக்கும் இதுவே வசதி. மூணாறு வழியாகவோ ஆலப்புழை வழியாகவோ வருபவர்களுக்கு வைற்றிலா ஏற்றது. பேருந்து நிலையம், மெட்ரோ நிலையம், படகுத்துறை ஆகிய மூன்றும் அங்கே ஒரே வளாகத்தை ஒட்டி உள்ளன. வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. இரவு முழுவதும் விடுவதானால், அதற்கு அனுமதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்று வாயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வைற்றிலாவில் படகுத்துறையைக் கண்டதும் மட்டாஞ்சேரிப் படகு என்று எண்ணி ஏறிவிடக் கூடாது. அது காக்கநாடு நோக்கிக் கிழக்கே செல்லும் வழி. மெட்ரோ ரயிலில் எம்.ஜி. ரோடு அல்லது மகாராஜாஸ் கல்லூரி நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் ஹைகோர்ட் படகுத்துறைக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்துதான் நம் பக்கத்துக்குப் படகு.

இந்த நீர் மெட்ரோ 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை, மின்சாரத்தால் ஓடுபவை, நூறு பேர் ஏறலாம். கோட்டைக் கொச்சிக்கு 2024 ஏப்ரலிலும், வில்லிங்டன் தீவுக்கும் மட்டாஞ்சேரிக்கும் 2025 அக்டோபரிலும் துறைகள் திறக்கப்பட்டன. மட்டாஞ்சேரித் துறையில் இறங்கினால் அரண்மனை மிக அருகில். துறையின் மேடை நீரில் மிதப்பது. நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும். முழங்கால் வலியுள்ள தாய்மார்கள் பயமின்றிக் காலெடுத்து வைக்கலாம். இதைவிடக் குறைந்த செலவில் போக எண்ணுவோர்க்கு, எர்ணாகுளம் பெரிய படகுத்துறையிலிருந்து மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகுகள் இருக்கவே இருக்கின்றன.

"ரயில் நிலையத்தில் விடலாமே, நீதான் ரயில்வேக்காரன் ஆயிற்றே" என்று என்னிடம் கேட்பவர் பலர். ரயில் நிலையத்து இடம் ரயில் ஏறுபவர்களுக்காக ஏற்பட்டது. அவசரமாக வருகிற பிரயாணியின் இடத்தை ஊர் சுற்றுபவர் எடுத்துக்கொள்வது முறையாகாது. கோட்டைக் கொச்சியிலும் கட்டண நிறுத்துமிடங்கள் உண்டு. ஆனால் விடுமுறை நாட்களில் அவை காலையிலேயே நிறைந்துவிடும். டிசம்பர் 31-ஆம் நாள் இரவு பாப்பாஞ்ஞியை எரிக்கும் விழாவுக்குப் பெருங்கூட்டம் வரும். அன்று போலீசார் வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள். அன்று காரோடு வருவதைப்போல் அறியாமை வேறில்லை. பனிக்கால மாதங்களில் வேலியேற்றம் வேறு உண்டு. மேற்குக் கொச்சியின் தாழ்ந்த தெருக்கள் சிலவற்றில் உப்புநீர் ஏறி நிற்கும். அந்த நீரில் ஓர் இரவு நின்ற காரின் அடிப்பாகம் துருவேறும். வாடகைக் கார்க்காரர் அதைக் காணாமல் இருக்க மாட்டார்.

வண்டியை விடும்போது நான்கு பக்கமும், ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியையும் படம் பிடித்துக்கொள்வது நல்லது. தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள். அந்த இளைஞன் சொன்ன சொல் இது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியின் வெனிஸ் நகருக்கு 1933-ஆம் ஆண்டு சாலைப் பாலம் திறந்தார்கள். ஆயினும் கார்கள் நகரின் முகப்பிலேயே நின்றுவிட வேண்டும். அப்பால் படகும் நடையுந்தான். மராட்டிய மாநிலத்து மாதேரான் மலையூரிலும் கார்கள் ஊருக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அவ்வூர்களைக் காண வருபவர் எவரும் இதனால் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

2025 டிசம்பரில் அக்காள் குடும்பம் மறுபடியும் வந்தது. இம்முறை அத்தானே முந்திக்கொண்டு, "மாப்பிள்ளை, வண்டியை வைற்றிலாவிலேயே விட்டுவிடுவோம்" என்றார். ஹைகோர்ட் துறையில் படகு ஏறினோம். கப்பல்களையும் தீவையும் பார்த்துக்கொண்டே குழந்தைகள் வந்தார்கள். காரில் வந்தபோது அவர்கள் தூங்கிக்கொண்டு வந்தவர்கள். வெள்ளிக்கிழமை அரண்மனைக்கும், சனிக்கிழமை யூதர் கோயிலுக்கும் விடுமுறை ஆதலால் வியாழக்கிழமையே சென்றோம். போர்த்துக்கீசியர் 1555-இல் கட்டி அரசருக்கு அளித்து, பின்பு டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனையில் இராமாயண ஓவியங்களைக் கண்டோம். 1568-இல் எழுந்த யூதர் கோயிலில் சீனத்து நீல ஓடுகளைக் குழந்தைகள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்கள். மாலையில் ஆட்டோ பிடித்து, வெளியில் உள்ள சலவைத் துறைக்குச் சென்றோம். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். தமிழிலேயே பேசினார்கள்.

திரும்பும் வழியில் அந்தச் சந்துக்கும் போனோம். நீலக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பெரியவர் தாமாகவே கைத்தடி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். அக்காள் மதுரையிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தை அந்த அம்மாளிடம் கொடுத்தாள். "கார் எங்கே?" என்று பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கரையில் நிற்கிறது" என்றார் அத்தான்.

வரும் விடுமுறையில் தங்கள் இல்லத்துக்கு வரும் உறவினருக்கு அன்பர்கள் இதைத் தவறாமல் எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.