மேரி ஷெல்லி: சில குறிப்புகள்

1815 மார்ச். மேரிக்கு வயது 17. குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. சில நாள் கழித்து டைரியில் ஒரு கனவை எழுதிவைக்கிறார்: பிள்ளை சாகவே இல்லை, குளிரில் விறைத்திருந்தது அவ்வளவுதான், கணப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் உயிர் வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில், ஜெனீவா ஏரிக்கரையில், செத்த உடல்களிலிருந்து ஒருவன் ஒரு பூதத்தை உயிர்ப்பிக்கும் ‘பிராங்கன்ஸ்டைன்’ தொடங்குகிறார். மின்சாரம் பட்டுத் துடித்த கால்வானியின் தவளைக்கால் என்று இந்த நாவலுக்கு ஊற்றுக்கண் தேடுவார்கள். தேடட்டும். எனக்கு அந்த டைரிப் பக்கம் போதும்.

*

பூதம் முதலில் கொல்வது ஒரு சிறுவனை. பெயர் வில்லியம். எழுதிக்கொண்டிருந்தபோது மேரியின் கைக்குழந்தையின் பெயரும் வில்லியம். (அப்பா, தம்பி பெயரும் அதுதான். இருந்தாலும்.) பெற்றவள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் பயத்தைப் பூதத்தின் கையில் கொடுத்துவிட்டார். நாவல் வந்தது 1818 ஜனவரியில். அந்தச் செப்டம்பரில் மகள் கிளாரா வெனிஸில் போனாள். அடுத்த ஜூனில் ரோமில் வில்லியம்.

*

1822 ஜூலையில் கணவர், கவிஞர் ஷெல்லி, கடலில் மூழ்கினார். மிஞ்சியது ஒரே மகன். பேரனுக்குப் பணம் வேண்டுமானால் என் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றை எழுதாதே என்றார் மாமனார் சர் திமோதி.

மேரி 1826-இல் ‘கடைசி மனிதன்’ வெளியிட்டார். கதை நடப்பது 21ஆம் நூற்றாண்டின் இறுதியில். கொள்ளைநோயில் மனித இனமே அழிகிறது. அதில் வரும் ஏட்ரியன் அச்சு அசல் ஷெல்லி; ரேமண்ட், கவிஞர் பைரன். இன்னும் பிறக்காதவர்களைப் பற்றிய கதைக்கு மாமனார் எப்படித் தடை போடுவார்?

முதல் பாகம் இழுவை. நோய் இரண்டாம் பாகத்தில்தான் தலைகாட்டுகிறது. அதுவரை பொறுக்க வேண்டும்.

*

கற்பனைதானே, ஏட்ரியனைப் பிழைக்க வைத்திருக்கலாம். நோய்க்குத் தப்பியவனைக் கடைசியில் கடலில் மூழ்கடிக்கிறார். கூடவே மூழ்கும் சிறுபெண்ணின் பெயர் கிளாரா. செத்தவரை எழுப்பிப் பார்ப்பதெல்லாம் முதல் நாவலோடு முடிந்துவிட்டது. இங்கே பறிகொடுத்ததை இன்னொரு முறை பறிகொடுக்கிறார், இம்முறை தானே எழுதி. தனியாக மிஞ்சும் லயனல் போய்ச் சேரும் ஊர் ரோம்: மகனையும் கணவரின் சாம்பலையும் புதைத்த ஊர்.

விமர்சகர்கள் கிழித்தார்கள். 1833-க்குப் பிறகு மறுபதிப்பு வர 1965 ஆயிற்று.

*

சர் திமோதி 90 வயது வரை இருந்தார். 1839-இல் மகனின் கவிதைகளைப் பதிப்பிக்க விட்டார். வரலாற்றுக்கு மட்டும் தடை நீங்கவில்லை. மேரி கவிதைகளுக்கு நீள நீளமாகக் குறிப்புகள் எழுதினார். எந்த வீடு, எந்தக் கோடை, யார் உடனிருந்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது.