பந்தியும் பெயர்ப்பலகையும்

அமெரிக்கக் கல்லூரிகளின் சகோதர சங்கங்களைப் பற்றி நமக்குள்ள சித்திரம் பெரும்பாலும் சினிமாவிலிருந்து வந்தது. கிரேக்க எழுத்துகளில் பெயர், ரகசியச் சடங்கு, குடி, கூத்து. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது எளிய விஷயம்: ஒரு வீடு. கல்லூரியை ஒட்டி ஒரு கூரை. அதன் கீழ் யார் சேர்ந்து உண்ணலாம், உறங்கலாம் என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். சகோதரத்துவம் என்ற பெரிய வார்த்தை நடைமுறையில் இவ்வளவுதான். ஆகவே அதைப் பரிசோதிக்க வேண்டிய இடமும் கொள்கை அறிக்கை அல்ல, சாப்பாட்டு அறை.

மாஸசூஸட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 'ஃபை காப்பா சை' என்ற சங்கத்தின் கிளை ஒன்று இருந்தது. தாய்ச் சங்கம் 1852ல் தொடங்கியது. 1948ல் அந்தக் கிளை மாணவர்கள் ஒரு கறுப்பின மாணவனைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தார்கள். தலைமை கிளையையே விலக்கிவிட்டது. மாணவர்கள் அவனை விட்டுவிடவில்லை, பெயரை விட்டார்கள். நடுவில் ஓர் எழுத்தை மாற்றி 'ஃபை ஆல்ஃபா சை' என்று வைத்துக்கொண்டு தனிச் சங்கமாகத் தொடர்ந்தார்கள். 1984ல் கல்லூரி தன் வளாகத்தில் சகோதர சங்கங்களே வேண்டாமென்று முடிவெடுத்தது வேறு கதை. ஒரு வீடு எதை இழக்கச் சம்மதிக்கிறது என்பதில்தான் அதன் சகோதரத்துவம் தெரிகிறது என்பதற்கு அந்த ஓர் எழுத்து எனக்குப் போதும்.

நம் பக்கத்து உதாரணம் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் 1922ல் அங்கே குருகுலம் ஆரம்பித்தார். தேசியக் கல்வி, உடலுழைப்பு, தமிழ் எல்லாம் அங்கே இருந்தன. இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் விருப்பம் என்றார்கள். சேலத்து வரதராஜுலு நாயுடுவும் ஈரோட்டு ராமசாமி நாயக்கரும் அதைப் பொது விவகாரமாக்கினார்கள். 1925ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வருஷமே பாபநாசம் அருவியில் உயிரிழந்தார். அவருடைய தியாகத்தைச் சந்தேகிக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வீடு இரண்டு இலைகளை நகர்த்தச் சம்மதிக்காமல் தன்னையே இழந்தது. காங்கிரஸுக்குள் அது விட்ட விரிசலின் சரித்திரம் நாமறிந்ததே.

இவ்விரண்டு வீடுகளிலும் கேள்வி கேட்கப்பட்டது. நான் வளர்ந்த தர்மபுரியில் அது கேட்கப்படவே இல்லை.

1965ல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் எங்களுடையது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்திலிருந்து தகரப் பெட்டியும் அலுமினியத் தட்டுமாக வந்த பையன்களுக்கு அரசு விடுதிகள்தான் கல்லூரி. ஆதிதிராவிடர்களுக்கு ஒன்று, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்று. நான் இரண்டாவதில் மூன்று வருஷம் இருந்தேன். வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன் முதலாவதில் இருந்தான். மாலையில் சேர்ந்து நடப்போம். ஒரு புளியமரத்தடி வந்ததும், "வரன்டா" என்று அவன் இடது பக்கம் திரும்புவான், நான் வலது பக்கம். இதில் எங்களுக்கு விசித்திரமாக எதுவும் படவில்லை. தபால் இரண்டு முகவரிக்குப் பிரிவதுபோல் நாங்கள் பிரிந்தோம்.

ஒரு கோடையில் அவர்கள் விடுதியில் தண்ணீர் இல்லாமல் சமையல் நின்றது. அவனை எங்கள் விடுதிக்குக் கூட்டிவந்தேன். சமையல்கார அம்மா ஒன்றும் கேட்காமல் களி உருண்டையைத் தட்டில் வைத்தாள். எதிரே இருந்த இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முழுவதும் சாப்பிட்டான், தட்டைக் கழுவினான், "வயிறு நெறஞ்சிருச்சு" என்றான். மறுநாள் கூப்பிட்டபோது வரவில்லை. பதிவேட்டில் அன்றைய சாப்பாட்டுக் கணக்கு வழக்கம்போலவே இருந்தது. அந்த விடுதிக்கு எழுதப்பட்ட சரித்திரம் என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பதிவேடுதான். அதில் அவன் இல்லை.

தனி விடுதியே தவறென்று சொல்ல நான் தயாரில்லை. அது இல்லையென்றால் அவனுக்கு அந்த ஊரில் எவன் வாடகைக்கு அறை கொடுத்திருப்பான்? அவன் பட்டம் வாங்கியது அந்தக் கூரையால். ஆனால் அதே கூரை எங்களையும் காப்பாற்றியது. அவனோடு உட்கார்ந்து உண்பதா என்ற பிரச்னையிலிருந்து எங்களைக் காப்பாற்றியது. ஆம்ஹர்ஸ்ட் பையன்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்ததை, சேரன்மாதேவியில் சண்டை போட்டுத் தோற்றதை, எங்களுக்குக் கட்டடமே முடிவுசெய்து கொடுத்துவிட்டது.

2012 நவம்பர் 7ந்தேதி எங்கள் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி கடந்த ஒரு கல்யாணம் காரணம். தீ வைத்ததற்கு விடுதிகளைப் பொறுப்பாக்குவது அபத்தம். ஆனாலும் அன்று இரு தரப்பிலும் படித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்கூட. ஒரே பானையில் எத்தனை பேர் உண்டிருப்பார்கள் என்ற கணக்கு மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

2025 ஜூலையில் இந்த விடுதிகள் அனைத்தும் 'சமூகநீதி விடுதிகள்' என்று அழைக்கப்படும் என அரசு அறிவித்தது. சாதியைச் சொல்லும் பலகை நுழைவாசலில் இல்லாமல் போவது சின்ன விஷயமல்ல. அதன் கீழ் தினமும் நடந்து போனவனுக்குத்தான் அதன் எடை தெரியும். ஆனால் ஆம்ஹர்ஸ்டில் முதலில் ஒருவன் பந்தியில் உட்கார்ந்தான், பெயர் பிறகு மாறியது. இங்கே பெயர் முதலில் வந்திருக்கிறது. பந்தி பாக்கியிருக்கிறது.